பாட்டின் உயிர் எங்கே இருக்கிறது?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ராக் அண்டு ரோல் என்னும் மேனாட்டுப் பாட்டு எத்தகையது, அஃது இன்னும் உயிரோடு இருக்கின்றதா என்பதே யாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். செயலாளர் அவர்கள் இதைக் கேட்டவுடன் சிறிது திகைத்தார்கள். குறளும் சிலம்பும் முழங்கிய இம்மேடையில் இஃது என்ன புதுமை என்று நீங்களும் எண்ணக்கூடும். பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதிக் காலம் கழிக்கும் யாம் இசைவாணரும் அல்லோம், ஆராய்ச்சியாளரும் அல்லோம். மெட்ரிகுலேசனோடு எம் படிப்பு முடிந்தது. ஆயினும் இப்பொருளில் எமக்கு ஒரு கடன் இருக்கின்றது. அக்கடனை ஊரறியத் தீர்க்கவே யாம் இங்கு வந்து நிற்கின்றோம்.

சென்ற ஆண்டு விழாவிற்கு நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எம்மிடமும் இன்னும் இருவரிடமும் இருந்தது. நம் காலனி இளைஞன் ஒருவன் கித்தாருடன் வந்து, மேடையில் பத்து நிமிடம் ராக் அண்டு ரோல் வாசிக்க வேண்டும் என்று கேட்டான். யாம் மறுத்துவிட்டோம். "தம்பி, அது தமிழன்று, தமிழர்க்கு உரியதும் அன்று. போதாக்குறைக்கு, அது செத்துப்போன ஆட்டம். செத்ததற்கு மேடை எதற்கு?" என்று கூறினோம். கூறிய சொல்லின் அழகில் யாமே மகிழ்ந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம்.

அவன் கோபிக்கவில்லை. "மாமா, ராக் அண்டு ரோல் என்றால் என்ன என்று சொல்லுங்கள், பிறகு அது செத்ததா என்று சொல்லுங்கள்" என்று கேட்டான். எம்மால் இரண்டில் ஒன்றுக்கும் விடை கூற இயலவில்லை. அவன் கித்தாரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவ்விரு கேள்விகளும் ஓராண்டுக் காலம் எம் மேசையின் மேல் ரசீதுப் புத்தகத்தின் பக்கத்திலேயே கிடந்தன.

முதற் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

ராக் அண்டு ரோல் என்றதும் கித்தாரே நம் கண்முன் தோன்றுகின்றது. ஆனால் லிட்டில் ரிச்சர்டும் செர்ரி லீ லூயிசும் பியானோவைக் கொண்டே அப்பாட்டை வளர்த்தனர். ஆகவே கருவி அதன் இலக்கணம் அன்று. பேரோசைதான் இலக்கணமோ என்றால், நம் கோவில் தவிலுக்கு முன்னே எந்த ஓசை நிற்கும்? நீண்ட தலைமயிரும் விந்தையான உடையும் எனின், அவை பின்னர் வந்து ஒட்டிக்கொண்டவை.

அதன் பிறப்பைப் பார்த்தால்தான் இலக்கணம் விளங்கும். அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் துயரப் பாட்டு ஒன்று. புளூஸ் என்பது அதன் பெயர். அவர்களுடைய தேவாலயங்களில் கைதட்டி எழுப்பிய வழிபாட்டுப் பாட்டு மற்றொன்று. மின்கித்தாரைக் கையில் ஏந்தி இறைவனைப் பாடிய சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்ற அம்மையார், ராக் அண்டு ரோல் என்னும் பெயர் பரவுவதற்கு முன்பே அதன் வழியைத் திறந்தவர். வெள்ளையரான ஏழை உழவர்கள் பாடிய நாட்டுப்புறப் பாட்டு மூன்றாவது. இம்மூன்றும் கலந்த கலப்பே ராக் அண்டு ரோல். 1951-ஆம் ஆண்டளவில் கிளீவ்லாந்து நகர வானொலியில் ஆலன் பிரீடு என்பவர் இப்பெயரைச் சொல்லிச் சொல்லிப் பரப்பினார். 1954-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மெம்பிசு நகரத்துச் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில், லாரி ஓட்டிப் பிழைத்த பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், ஆர்தர் கிருடப் என்ற கறுப்பினப் பாடகர் 1946-இல் பதிவு செய்திருந்த பாட்டைத் தன் போக்கில் பாடினான். அவன்தான் எல்விசு பிரெசிலி. 1955-இல் பில் ஏலியின் 'ராக் அரவுண்டு த கிளாக்' ஒரு திரைப்படத்தின் வாயிலாக உலகெங்கும் ஒலித்தது. அதே ஆண்டில் சக் பெர்ரியின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

இனி அதன் தாளம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக் கைதட்டிப் பாருங்கள். நாம் இயல்பாக ஒன்றிலே அழுத்தித் தட்டுவோம். ராக் அண்டு ரோலில் அழுத்தம் இரண்டிலும் நான்கிலும் விழும். இவ்வளவுதான் வேறுபாடு, ஆனால் இவ்வளவிலேயே உட்கார்ந்திருப்பவனுடைய கால் தானாக அசையத் தொடங்கிவிடும். பெரும்பாலான பழைய பாட்டுகள் பன்னிரண்டு தாளக் கட்டங்கள் கொண்ட ஒரு சுற்றில் அடங்கும். அதற்குள் மூன்றே சுரக் கூட்டங்கள். முதலடியைப் பாடி, அதனையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் அதற்கு விடை கூறுவது புளூசிலிருந்து வந்த முறை. அம்மூன்று கூட்டங்களைக் கற்றுக்கொண்டவன், ஆசிரியன் இல்லாமலே ஆயிரம் பாட்டுகளுக்குள் நுழைந்துவிடலாம்.

சொல்லும் எளிய சொல்லே. சம்பளம், பள்ளிக்கூடம், மோட்டார் வண்டி, காதல், ரயில் இவையே பொருள். நம்மைப் போன்ற ரயில்வேக்காரர்கள் கேட்டு மகிழத்தக்க பாட்டு ஒன்று உண்டு. சக் பெர்ரி 1958-இல் வெளியிட்ட 'சானி பி குட்' என்பது அது. எழுத்துவாசனை அதிகம் இல்லாத நாட்டுப்புறப் பையன் ஒருவன் இருப்புப்பாதை ஓரத்து மரத்தடியில் அமர்ந்து, ஓடும் வண்டியின் தாளத்திற்கு ஏற்பக் கித்தார் மீட்டுவதே அதன் கதை. ரயில் சத்தம் தூக்கத்தைக் கெடுப்பதாகச் சலித்துக்கொள்ளும் நமக்கு அச்சத்தத்தில் ஒரு பாட்டுக் கேட்கவில்லை, அப்பையனுக்குக் கேட்டது!

இவை எல்லாவற்றினும் மேலான இலக்கணம் ஒன்று உண்டு. அந்நாட்களில் அமெரிக்கத் தென்பகுதி அரங்குகளில் கறுப்பின மக்கள் ஒரு புறம், வெள்ளையர் ஒரு புறம் என்று நடுவில் கயிறு கட்டியிருப்பார்கள். ராக் அண்டு ரோல் பாடத் தொடங்கியதும் இரு புறத்து இளைஞரும் ஆடத் தலைப்பட்டனர்; கயிற்றுக்கு இருந்த மதிப்புக் குறைந்தது. பெற்றோர் இப்பாட்டைக் கண்டு அஞ்சியதற்கு இரைச்சல் மட்டும் காரணம் அன்று; இக்கயிறும் காரணம். நேர்மையாகப் பேசின் மறுபக்கத்தையும் கூறவேண்டும். பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பின அம்மையார் 1952-இல் பாடிப் பதிவுசெய்த 'அவுண்டு டாக்' என்னும் பாட்டை எல்விசு 1956-இல் பாடினார். பெருஞ்செல்வம் பின்னவரிடமே சேர்ந்தது. கயிறு அரங்கில் அறுந்தாலும் பணப்பெட்டியின் குறுக்கே தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஆக, காலை அசைக்கும் தாளம், எவனும் கற்கத்தக்க எளிய கட்டு, அன்றாடச் சொல், கயிற்றைப் பொருட்படுத்தாத துணிவு என்னும் இந்நான்கும் சேர்ந்ததே ராக் அண்டு ரோல் என்று எம் சிற்றறிவுக்குத் தோன்றியது.

"இது நமக்கு உரியதன்று" என்று யாம் சொன்னது எவ்வளவு தவறு என்பதும் அப்போதுதான் புலனாயிற்று. இங்கிலாந்தின் முதல் உண்மையான ராக் அண்டு ரோல் இசைத்தட்டு என்று பலரும் போற்றுவது 1958-இல் வெளிவந்த 'மூவ் இட்' என்பதை. அதைப் பாடிய கிளிஃப் ரிச்சர்டு பிறந்தது 1940-இல், நம் லக்னோ நகரில். அவர் தந்தையார் இந்திய ரயில்வேக்கு உணவு வழங்கும் ஒப்பந்தக்காரரிடம் பணிபுரிந்தவர். குடும்பம் 1948-இல் கப்பலேறியது. நம் ரயில்வே காலனிகளில் இன்ஸ்டிட்யூட் என்னும் மன்றங்கள் இருந்தனவே, அவற்றின் மரத்தளங்களில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இப்பாட்டுகளுக்கு ஆடியதைக் கண்ட முதியோர் நம் சபையிலும் இருக்கலாம். தமிழ்த் திரைப்படத்திலோ சந்திரபாபு அவர்கள் ஐம்பதுகளிலேயே மேனாட்டுத் துள்ளலைத் தமிழ்ச் சொல்லில் ஏற்றிவிட்டார். 1964-இல் வெளிவந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' படத்தில், வேலை இழந்த இளைஞன் முதலாளியின் மாளிகை முன்னே நின்று ஆடிப்பாடி வேலை கேட்கின்றானே, விசுவநாதன் ராமமூர்த்தி அமைத்த அப்பாட்டைக் கேட்டுக் கால் அசையாத தமிழர் யார்? வேலை கேட்பதைப் பாட்டாக்குவதும், முதலாளியை நேருக்குநேர் விளிப்பதும் ராக் அண்டு ரோலின் பண்புகளே.

இனி இரண்டாம் கேள்வி. அஃது உயிரோடு இருக்கின்றதா?

இறந்தது என்பார்க்குச் சான்றுகள் நிறைய உண்டு. எல்விசு 1977-இல் மறைந்தார்; சக் பெர்ரி 2017-இல்; லிட்டில் ரிச்சர்டு 2020-இல்; செர்ரி லீ லூயிசு 2022-இல். கிளீவ்லாந்தில் 1995-இல் ராக் அண்டு ரோலுக்கென்று அருங்காட்சியகமே திறந்துவிட்டார்கள். அருங்காட்சியகம் எழுந்தபின் அப்பொருள் வழக்கில் இல்லை என்றுதானே நாம் கொள்வோம்? ஆனால் வேடிக்கை பாருங்கள். இச்சாவுச் செய்தி முதன்முதலில் பரவியது அப்பாட்டுப் பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே! 1957-இல் லிட்டில் ரிச்சர்டு மேடையை விட்டுச் சமயத் தொண்டுக்குப் போனார். 1958-இல் எல்விசு பட்டாளத்தில் சேர்ந்தார். 1959 பிப்ரவரி 3-ஆம் நாள் பட்டி ஆலியும் மற்றும் இரு பாடகரும் விமான விபத்தில் மாண்டனர். இனி எழாது என்றார்கள். ஆனால் கடலுக்கு அப்பால் லிவர்பூல் துறைமுகத்தில், கப்பல் வழி வந்த இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு நான்கு பையன்கள் அப்பாட்டைத் தமதாக்கிக்கொண்டிருந்தனர். 1964-இல் பீட்டில்சு என்ற பெயரோடு அமெரிக்காவுக்கே அதைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்தனர்.

அப்படியாயின் ஒரு பாட்டு உயிரோடிருப்பதை எதனைக் கொண்டு அறிவது? விற்பனையைக் கொண்டா? வயதைக் கொண்டா? இக்கேள்விக்கு எமக்கு விடை கிடைத்த இடம் மெம்பிசும் அன்று, லிவர்பூலும் அன்று. நம் மைசூரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மேல்கோட்டை!

சென்ற பங்குனியில் நம் சங்கத்தார் வைரமுடி சேவைக்குப் போய்வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சிலர் வண்டியில் பாண்டவபுரம் நிலையம் வரை சென்று பேருந்து ஏறினோம். மேல்கோட்டை என்றதும் நம் தாய்மார்களுக்கு 1948-இல் அவ்வூரில் பிறந்த செல்வி செயலலிதா அவர்கள் நினைவுக்கு வருவார்கள், வழியெல்லாம் அப்பேச்சே. மலைமேல் யோக நரசிம்மர். கீழே கல்யாணித் தீர்த்தம். ஊர் நடுவே திருநாராயணர் கோவில். மாண்டியா அரசுக் கருவூலத்திலிருந்து காவல்துறைப் பாதுகாப்போடு வந்த வைரமுடியைச் சூடி, இரவு முழுதும் செல்வப்பிள்ளை வீதியில் எழுந்தருளுகின்றார். மக்கள் வெள்ளம் கன்னட வெள்ளம். கடைப்பலகை கன்னடம், காவலர் பேச்சுக் கன்னடம், கூட்டத்தின் கூக்குரலும் கன்னடம். அந்நடுவே எம் காதில் விழுந்தது தமிழ்! ஆழ்வார் பாசுரத்தை ஒரு குழுவினர் ஒரே குரலாய் ஓதிக்கொண்டு வந்தனர்.

அருகில் நின்ற முதியவர் ஒருவர் கையில் ஒரு புத்தகம் வைத்திருந்தார். யாம் எட்டிப் பார்த்தோம். பாசுரம் தமிழ், அச்சோ கன்னட எழுத்து! "ஐயா, தங்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதா?" என்று கேட்டோம். "தெரியாது. என் அப்பாவுக்கும் தெரியாது. ஆனால் இது எங்கள் வாயில் இருக்கிறது" என்று அவர் தமக்கே உரிய தமிழில் விடை கூறினார். அந்தத் தமிழில் பாதிச் சொற்கள் எமக்குப் புதியன. ஆயினும் அது தமிழே.

நினைத்துப் பாருங்கள். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராமாநுசர் போசள நாட்டுக்கு வந்து, மேல்கோட்டையில் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கினார் என்பது மரபு. அவரோடும் அவர்க்குப் பின்னும் வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிலைத்தன. ஆக, நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் அவர்கள். நமக்கு ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டு மூத்தவர்கள்! பாரதியார் எழுதிய 'இந்தியா' வார இதழின் உரிமையாளரான திருமலாச்சாரியார் மண்டயம் என்று பெயர் வழங்கும் இக்குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். 1905-இல் மேல்கோட்டையில் பிறந்து கன்னடத்தின் பெருங்கவிஞராய் விளங்கி, இசை நாடகங்கள் பல இயற்றிய பு. தி. நரசிம்மாச்சாரும் இவ்வூர் வைணவ மரபினரே. கன்னடத்தைத் தமதாக்கிக்கொண்டதால் அவர்கள் தமிழை இழக்கவில்லை. ஆனால் எந்தத் தமிழை இழக்கவில்லை? பள்ளிக்கூடத்துத் தமிழை அன்று. பாட்டில் இருந்த தமிழை.

அப்பாட்டே ஒருமுறை இறந்து பிழைத்தது என்பர். ஆழ்வார் பாடல்கள் மறைந்து போயிருந்த காலத்தில், யாரோ சிலர் பாடிய பத்துப் பாட்டு மட்டும் நாதமுனிகளின் செவியில் விழுந்தது. அந்நூல் நுனியைப் பற்றிக்கொண்டு சென்றே அவர் நாலாயிரத்தையும் மீட்டார்; இசை வகுத்துத் தம் மருமக்கள் இருவர்க்குப் பயிற்றினார். இது வைணவ மரபு கூறும் வரலாறு. ஓலையிலிருந்து அன்று, பாடிக்கொண்டிருந்த வாயிலிருந்து அது மீண்டது!

அவ்வூரின் ஐதிகங்களிலும் ஒரு கயிறு அறுந்த கதை உண்டு. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த மக்களை இராமாநுசர் திருக்குலத்தார் என்று அழைத்து, கோவிலுக்குள் வர வழிசெய்தார் என்பர். தில்லியிலிருந்து செல்வப்பிள்ளையைத் தேடி வந்த துலுக்க நாச்சியாருக்கும் அப்பெருமான் திருவடியில் இடம் உண்டு. அந்த நுழைவும் ஆண்டில் சில நாளுக்கு என்று பின்னர் அளவு கட்டப்பட்டிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. மெம்பிசில் நடந்ததே மேல்கோட்டையிலும் நடந்தது. பாட்டு கயிற்றை அறுக்கும். மனிதர் மீண்டும் முடிச்சுப் போடுவர்.

இங்கே இன்னொன்றையும் நோக்க வேண்டும். பாசுரத்தைக் குல்லாய் அணிந்து, கைத்தாளம் தட்டி, பாடி, அபிநயித்துக் காட்டும் அரையர் சேவை என்னும் அருங்கலை ஒன்று உண்டு. முன்னாளில் பல தலங்களில் நடந்த அக்கலை இன்று திருவரங்கம், திருவில்லிபுத்தூர், ஆழ்வார் திருநகரி, மேல்கோட்டை ஆகிய சில தலங்களுக்கே உரியதாய்ச் சுருங்கிவிட்டது. அது சில குடும்பங்களின் வழிவழி உரிமையாய் இருந்தமையால் அக்குடும்பங்கள் குறையக் குறையக் கலையும் குறைந்தது. அவ்வரையர் குடும்பங்கள் வறுமையிலும் அதை விடாது காத்ததற்கு நாம் தலைவணங்க வேண்டும். ஆனால் ஆண்டாளின் திருப்பாவையைப் பாருங்கள். அதற்குக் குல்லாய் வேண்டா, உரிமை வேண்டா. மார்கழி பிறந்தால் நம் காலனிச் சிறுமி பல் துலக்கிக்கொண்டே பாடுகின்றாள், வானொலி பாடுகின்றது, கருநாடகத்திலும் ஆந்திரத்திலும் தமிழ் அறியாத வீடுகள் பாடுகின்றன. சுருதி தப்பலாம், உச்சரிப்புத் தப்பலாம். யாரும் அதைப் பாடலாம் என்பதனால் அது செழித்திருக்கின்றது.

அன்றிரவு அவ்வீதியில் நின்றபோது எம் இளைஞனுடைய இரண்டாம் கேள்விக்கு விடை புலப்பட்டது. ஒரு பாட்டைக் கேட்பார் எத்தனை பேர் என்று எண்ணுவதில் பயனில்லை. கேட்டவருள் எத்தனை பேர் தாமும் பாடத் தொடங்கினர் என்று எண்ண வேண்டும். அந்தப் புதியவன் முன்னோனைப் போல் அப்படியே பாட வேண்டும் என்பதில்லை. எழுத்து மாறலாம், நாடு மாறலாம், கருவியும் மாறலாம். முன்னோன் வாயிலிருந்து வாங்கித் தன் வாயில் இட்டுக்கொள்ள ஒருவன் இருக்கும் வரையில் அப்பாட்டுக்குச் சாவில்லை.

இவ்வளவுகோலால் ராக் அண்டு ரோலை அளந்து பாருங்கள். நம் மைசூரில் வளர்ந்த ரகு தீட்சித்து அவர்கள் 19-ஆம் நூற்றாண்டுக் கன்னட ஞானியாகிய சிசுநாள செரீபு சாகிபின் பாடல்களைக் கித்தாரோடும் முரசோடும் பாடி உலக நாடுகளைச் சுற்றி வருகின்றார். சென்னையில் 2018-ஆம் ஆண்டு சனவரியில் முதல் மேடை ஏறிய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர், வடசென்னையின் கானாவையும் பறையையும் மின்கித்தாரோடு சேர்த்துச் சாதிக்கு எதிராகப் பாடுகின்றனர். அமெரிக்காவில் பிறந்த அந்தக் கயிறறுக்கும் துணிவு நம் கடற்கரையில் வந்து தமிழ் பேசுகின்றது. 1977-இல் விண்ணில் ஏவப்பட்ட இரு வாயேசர் கலங்களிலும் உலக மக்களின் இசையைப் பதித்த பொன்தட்டு ஒன்று இருக்கின்றது. அதில் கேசர்பாய் கேர்க்கர் அம்மையாரின் பைரவி இருக்கின்றது. இருப்புப்பாதை ஓரத்துப் பையனைப் பற்றிய அந்த 'சானி பி குட்'டும் இருக்கின்றது. இரு கலங்களும் சூரியக் காற்றின் எல்லையையும் கடந்து போய்விட்டன. ஆயினும் யாம் சொல்வோம்: அப்பாட்டு அங்கே வெறும் பயணிதான். அது வாழ்வது, எங்கோ ஒரு குவார்ட்டர்சின் பின்கட்டில், விரல் வலிக்க வலிக்க மூன்று சுரக் கூட்டங்களைப் பழகும் பையனிடத்தில்.

அப்பையன் நம் காலனியில் இருந்தான். யாம் அவனிடம் "செத்துப்போன ஆட்டம்" என்று சொன்னோம். உயிரோடு இருந்ததற்கு எதிரே நின்று இரங்கற்பா வாசித்தோம்!

மேல்கோட்டையிலிருந்து திரும்பியவுடன் அவனைத் தேடிப் போனோம். அவன் வேலை கிடைத்து வேற்றூர் போய்விட்டான். அவன் தாயார் எமக்குக் காப்பி கொடுத்து உபசரித்தார்கள். "கித்தாரைக் கொண்டுபோகச் சொன்னேன் அண்ணா, வேண்டாம் என்று விட்டுப் போய்விட்டான்" என்றார்கள். கட்டிலின் அடியில் உறையோடு அது கிடந்தது. அன்று குடித்த காப்பியின் கசப்பு எமக்கு இன்னும் நாவில் இருக்கின்றது.

அன்பர்களே, இஃது ஒரு கித்தாரைப் பற்றிய பேச்சு அன்று. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பாருங்கள். தொடங்கிய நாளில் கூடம் நிறைந்திருந்தது. இன்று வரும் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். "பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பற்று இல்லை" என்று குழுக் கூட்டத்தில் நாம் வருந்துகின்றோம். ஆனால் அவர்கள் தமக்குப் பிடித்த ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வாயிலில் வந்து நின்றபோது, "இது தமிழன்று" என்று திருப்பி அனுப்பியவர்களும் நாமே. கயிறு கட்டியவர்கள் நாமே. மறுபுறம் ஆள் இல்லையே என்று புலம்புகின்றவர்களும் நாமே. மேல்கோட்டையார் எழுத்தை விட்டுக்கொடுத்துப் பாட்டைக் காத்தனர். எழுத்தையே மட்டும் பிடித்துக்கொண்டு பாட்டைக் கைவிட்டால், தொள்ளாயிரம் ஆண்டு வேண்டா, தொண்ணூறு ஆண்டுகூட நம் தமிழ் இங்கே நில்லாது.

எழுத்து வேண்டா என்று யாம் சொல்லவில்லை. எழுத்தைக் கற்க ஒரு பிள்ளைக்கு ஆசை பிறக்க வேண்டுமல்லவா? தான் பாடும் பாட்டைத் தானே எழுத வேண்டும் என்ற ஆசையைவிடச் சிறந்த ஆசிரியர் யார்? ஆகவே, சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோளை வைக்கின்றோம். அடுத்த ஆண்டு விழாவில் அரைமணி நேரம் இளைஞர்க்கென்றே ஒதுக்குக. அவர்கள் எக்கருவியையும் கொண்டுவருக. ஒரு பாட்டேனும் அவர்களே தமிழில் கட்டியதாய் இருக்கட்டும். பிழை இருந்தால் நாம் மேடையிலிருந்து இறங்கியபின் மெல்லத் திருத்துவோம். இரண்டாவது, தமிழ் வகுப்பின் முதல் அரைமணியில் பலகையும் சுண்ணக்கட்டியும் வேண்டா, பாட்டு நடக்கட்டும். பெரியவர்களும் வந்து உட்கார்ந்து பாடுக. வீட்டில் பாடாத பெற்றோரின் பிள்ளை வகுப்பில் மட்டும் பாடும் என்று எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது.

எம் சொந்தக் கடன் ஒன்று மிச்சம் இருக்கின்றது. அவ்விளைஞனின் தாயார் இங்கே மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார்கள். அம்மா, தங்கள் மகனுக்கு எம் பொருட்டு ஒரு செய்தி சொல்லுங்கள். அவன் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்டுபிடிக்க இந்த மாமாவுக்கு ஓராண்டு ஆயிற்று என்று சொல்லுங்கள். அடுத்த விழாவிற்கு அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு வரவேண்டும். அந்தக் கித்தாரைப் பார்சலில் அனுப்ப வேண்டியிருந்தால், ரசீதை யாமே எழுதி, கட்டணத்தையும் எம் கையிலிருந்தே செலுத்துகின்றோம்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!